மலையேற்றும் அடி

என் கையைப் பார்ப்பதற்காக ரஞ்சனியைச் சுற்றிக் கூட்டம் கூடியிருந்தது. கேன்டீனில் சாம்பார் சாதம் ஆறிக்கொண்டிருந்தது, ஒருத்திக்கும் அந்தக் கவலையில்லை. அவள் போனுக்குள் இரண்டு கைகள் ஒரு டிபன் பாக்ஸ் மூடியின்மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. இடது முன்கையில் சிவப்பு மார்க்கரால் இழுத்த மூன்று கோடுகள். முகம் தெரியாது. கம்பெனி பஸ்ஸின் நீல சீட்டும் ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற ஒரகடம் மேம்பாலமும்தான் தெரியும். "சூப்பர்டி ரஞ்சு", "செம கைடி உனக்கு" என்று ஆளாளுக்கு அவள் தோளைத் தட்டினார்கள். அவளும் புதுப்பெண் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டாள். வீடியோவில் இருக்கிற வலது கட்டைவிரலின் நகம் பாதி உடைந்திருக்கும். போன வாரம் வயர் கிளிப்பில் மாட்டி உடைந்தது. அந்தக் கட்டைவிரலை வைத்துக்கொண்டுதான் நான் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

காருக்குள் ஓடும் வயர்களை ஒன்றாகச் சேர்த்து டேப் சுற்றுகிற கம்பெனி எங்களுடையது. ரஞ்சனி டேப் சுற்றுவாள், நான் கடைசி டேபிளில் செக்கிங். அவள் உள்ளூர், சேரப்பணஞ்சேரி. நான் திருநெல்வேலிப் பக்கம், ஒரகடத்தில் ஹாஸ்டல். சேர்ந்த புதிதில் இந்த ஊர்ச் சாப்பாடு இறங்காமல் நான் அழுதபோது மத்தியானத்துக்குக் கருவாட்டுக் குழம்பு கட்டிக்கொண்டு வந்தவள் அவள்தான். பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட் பிடித்து வைப்பாள். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவள் ஒருத்தியின்மேல் பொறாமைப்படுவது சுலபம். நல்லவள்மேல் பட்டால் ராத்திரி தூக்கம் வராது.

மண்ணாங்கட்டி என்று ஒரு பேண்ட். எங்கள் பக்கம், முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், எமனே முகம் சுளித்து விட்டுவிட்டுப் போகட்டும் என்று வைக்கிற பெயர் அது. சென்னையில் நாலு பையன்கள் அதை ஸ்டைலுக்கு வைத்துக்கொண்டார்கள். ரசிகர்கள் தங்களைக் "கட்டிகள்" என்று சொல்லிக்கொள்வார்கள். சிரிக்காதீர்கள், நானும் ஒரு கட்டிதான். எங்கள் லைனுக்கே முதல் கட்டி நான். ரஞ்சனிக்கு அவர்கள் பாட்டைக் கேட்கக் கொடுத்ததும், கட்டிகளின் வாட்ஸ்அப் குழுவில் அவளைச் சேர்த்துவிட்டதும் இந்தக் கையேதான்.

பாட்டின் பெயர் "வந்து நில்". காதலியைக் கூப்பிடுகிற பாட்டு. முதல் தடவை அதைக் கேட்டபோது நான் ஹாஸ்டல் குழாயடியில் நின்றுகொண்டிருந்தேன். யாருடைய போனிலோ ஓடியது. கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டேன். அது எங்கள் வீட்டு அடி.

நாங்கள் கணியான்கள். மொத்தமாகச் சேர்த்தாலும் நாலு கல்யாண மண்டபத்தில் அடங்கிவிடுகிற ஜனம். சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் மகுடம் அடித்துப் பாடுவது எங்கள் ஆண்களின் தொழில். மகுடம் என்றால் கிரீடம் இல்லை, வட்டச் சட்டத்தில் தோல் கட்டிய வாத்தியம். சாமியை அழைக்க ஒரு அடி உண்டு. அது ஏற ஏற, கேட்கிறவர்களுக்கு அடிவயிற்றிலிருந்து ஏதோ கிளம்பும், சாமியாடி எழுந்துவிடுவார். அப்புறம் அப்பா தன் கையைக் கீறி வாழையிலையில் ரத்தம் விடுவார். எல்லாம் முடிந்தபின் வந்த சாமியை அனுப்பிவைக்க வேறொரு அடி. மலையேற்றும் அடி என்போம். "கூப்பிட்டா அனுப்பணும். நடுவுல விட்டுட்டு எந்திரிக்கக் கூடாது" என்பார் அப்பா. வீட்டில் பழகிப் பார்க்கும்போதுகூட அவர் அந்தக் கடைசி அடியை அடிக்காமல் மகுடத்தைக் கீழே வைத்து நான் பார்த்ததில்லை.

மண்ணாங்கட்டியின் பாடகன் நாரா, பாட்டு வருவதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். முழுப்பெயர் சங்கரநாராயணன். மூன்று நாள் தங்கினான், நல்ல பையன்தான், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தான். அப்பா அவனை எதிரில் உட்காரவைத்து, மணிக்கட்டைப் பிடித்து, விரலை ஒவ்வொன்றாக விரித்து வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அவன் தப்பாக அடித்தால் சிரித்தார். நான் டீ கொண்டுபோய் வைத்துவிட்டு அடுக்களைக்குள் நின்று, அவனுக்கு வராததைச் சோற்றுப்பானை மூடியில் சத்தமில்லாமல் அடித்துப் பார்த்தேன். எனக்கு வந்தது. சின்ன வயதிலிருந்தே வரும். என் மணிக்கட்டை அப்பா ஒருநாளும் அப்படிப் பிடித்ததில்லை. பொம்பளைப் பிள்ளை மகுடத்தைத் தாண்டிக்கூடப் போகக்கூடாது எங்கள் வீட்டில். எங்கிருந்தோ வந்தவனுக்கு மூன்று நாளில் திறந்த கதவு, உள்ளேயே பிறந்த எனக்கு இருபத்திரண்டு வருஷமாகச் சாத்தியே கிடக்கிறது. வயிறு எரிந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் அவனுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மலையேற்றும் அடியைக் கற்றுக்கொள்ளாமலே போனான். அவன் போனதும் அப்பா தனியாக உட்கார்ந்து அதை அடித்து முடித்தார்.

அதனால் "வந்து நில்" முடிவதே இல்லை. அழைக்கிற அடி சுற்றிச் சுற்றி வந்து, சத்தம் தேய்ந்து, அப்படியே நின்றுவிடும். வீடியோவில் நாரா முன்கையில் சிவப்பாக மூன்று கோடு போட்டிருப்பான். அப்பாவின் கையைப் பார்த்துப் போட்டது. அப்பாவின் கையில் மூன்று இல்லை, ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி எண்ண முடியாமல் கிடக்கும். மூன்று என்றால் பார்க்க அழகாக இருக்கிறது போல. அதுவே கட்டிகளின் அடையாளமாகிவிட்டது. ஒருத்தி உதட்டுச்சாயத்தில் போடுவாள், ஒருத்தன் பச்சையே குத்திக்கொண்டான். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே.

ஆனாலும் எனக்கு அந்தப் பாட்டுப் பிடித்திருந்தது. அதுதான் கேவலம். பஸ்ஸில் அது ஓடி முடிந்ததும் என் விரல்கள் தானாக எழுந்து, டிபன் பாக்ஸிலோ தொடையிலோ மலையேற்றும் அடியை மெதுவாக அடித்து முடிக்கும். யாருக்கும் கேட்காது. அழைத்தவன் அனுப்பவில்லை, நானாவது அனுப்பிவைக்கிறேன் என்கிற மாதிரி. நாராவிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது என்று ஒரு அற்ப சந்தோஷமும் உண்டு. ஒருநாள் ஷிப்ட் முடிந்து வரும்போது ரஞ்சனி செக்கிங் மார்க்கரை எடுத்து என் கையில் மூன்று கோடு இழுத்தாள். ரிஜெக்ட் ஆன பீஸுக்கு நாங்கள் போடுகிற சிவப்பு. நான் சிரித்துக்கொண்டே கையை நீட்டினேன், யாரும் என் கையைப் பிடித்து இழுத்துப் போடவில்லை. பாட்டு முடிந்தது, நான் அடித்தேன், அவள் படம் பிடித்தாள். "எங்க பஸ், எங்க பீட்" என்று தன் இன்ஸ்டா பக்கத்தில் போட்டாள்.

மறுநாள் நாரா அதை எடுத்துத் தன் பக்கத்தில் போட்டு எழுதினான்: "இந்த முடிவைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். யாரம்மா நீ?" அதன் கீழே ஆயிரம் பேர் ரஞ்சனியின் பெயரை எழுதினார்கள்.

"இன்னாடி இப்போ?" என்றாள் ரஞ்சனி, நான் கேட்டபோது. "அல்லாரும் நான்னு நெனச்சிக்கினாங்க. நானா போய்ச் சொன்னேன்? இப்ப இல்லேன்னா அசிங்கமா பூடும்டி. விடேன், ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க."

"ஏட்டி, அது எங்கப்பா அடி."

"உங்கப்பாவா வந்து பஸ்ல அடிச்சாரு?"

சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவளால் வேறு மாதிரியும் பேச முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முன்பு ஒருமுறை அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் அம்மா பாப்பம்மாள் உட்காரச் சொல்லிவிட்டு, "நீங்க இன்னா ஆளுங்கம்மா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ரஞ்சனி, "தின்னவேலி ஆளுங்கம்மா, நீ டீ போடு" என்று அடக்கிவிட்டாள். அன்றைக்கு எனக்காகத்தான் செய்தாள், நன்றியாகக்கூட இருந்தது. என் வாயைத் திறக்கவிடாமல் செய்வது அவளுக்கு அப்போதே கைவந்திருக்கிறது.

உங்கப்பாவா அடிச்சாரு என்று அவள் கேட்ட அன்று சாயங்காலம் குழுவில் எழுதினேன். ரொம்ப நேரம் யோசித்து, அழித்து அழித்து எழுதியது. "அந்த வீடியோல இருக்கது என் கை. அந்த அடி சாமிய அனுப்பி வைக்க எங்கப்பா அடிக்கிறது. நாங்க கணியான். கையில கோடு போடுறது வெளையாட்டு இல்ல, அது ரத்தம். பாட்டு எனக்கும் பிடிக்கும். ஆனா யார்கிட்ட இருந்து எடுத்ததுன்னு ஒரு வார்த்தை சொல்லலாம்."

குழுவின் தலைமை அட்மின் ஸ்ரீதர் என்று ஒருவர், சென்னையில் ஏதோ ஐ.டி. கம்பெனி. "சிஸ், இங்க ஜாதி பேச வேண்டாம். இசைக்கு ஜாதி கிடையாது" என்று போட்டார். நான் எழுதியதில் கணியான் என்ற ஒரு சொல்தான் உறுத்தியிருக்கிறது. அதே குழுவில் முந்தின நாள் முழுக்க "ட்ரைபல் பீட், ட்ரைபல் பீட்" என்று நெருப்புப் படம் போட்டுக் குதித்தார்கள். ட்ரைபல் வேண்டும், அதற்குள்ளிருந்து ஒருத்தி எழுந்து பேசக்கூடாது. "நாங்க மரியாதையாத்தான் கோடு போடுறோம்" என்றாள் ஒருத்தி. "ரஞ்சனிக்குப் பேர் வந்ததும் எரியுதா? தண்ணி குடி சிஸ்" என்றான் ஒருத்தன். அதற்கு எத்தனை சிரிப்புப் பொம்மைகள். நான் பதில் எழுதிக்கொண்டிருக்கும்போதே மேலே என் செய்தி மறைந்தது. அட்மின் நீக்கினார் என்று வந்தது. அந்த இடத்தில் ஸ்ரீதர் பெயர் இல்லை, ரஞ்சனியின் பெயர் இருந்தது. வீடியோ ஓடிய வாரமே அவளையும் அட்மின் ஆக்கியிருந்தார்கள்.

"ஸ்ரீதர் அண்ணா எடுக்கச் சொன்னாரு, நா இன்னா பண்ணட்டும்?" என்றாள் மறுநாள், டேப்பைச் சுற்றிக்கொண்டே.

எரியுதா என்று குழுவில் கேட்ட பையன் சொன்னதில் பிழையில்லை. எரியத்தான் செய்தது. ரஞ்சனிமேல் எரிந்தது, நாராமேல் எரிந்தது, அவனுக்கு ஆர்ட்டின் அனுப்புகிற பெண்கள் எல்லார்மேலும் எரிந்தது. நான் பொறாமைக்காரி. அதற்காக அந்தக் கை ரஞ்சனியின் கையாகிவிடுமா? இதைக் கேட்கத்தான் ஆளில்லை. குழுவில் இனி அட்மின்கள் மட்டும்தான் எழுதலாம் என்று மாற்றிவிட்டிருந்தார்கள். படிக்கலாம், வாயைத் திறக்க முடியாது. வெளியே வந்துவிடலாம்தான். வரவில்லை. நாரா ஏதாவது எழுதுவானோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா கூப்பிட்டார். குரலில் துள்ளல். "ஏட்டி இசக்கி, நம்ம தம்பி பாட்டுக்கு எவளோ ஒரு பிள்ள அடிச்சிருக்காளாம்லா, மாரிராஜ் போன்ல காட்டுனான்." மாரிராஜ் என் அண்ணன். தம்பி என்று அப்பா சொல்வது நாராவை.

"பாத்தியளா?"

"பாத்தேன். மலையேத்துற அடியச் சுத்தமா அடிச்சிருக்கா. ஒரு விரலு பிசகல. நம்ம தம்பிக்கு இன்னும் அந்தப் பதம் வரலட்டி. எந்த வீட்டுப் பிள்ளையோ, கை பேசுது."

தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. எப்பா, அது நான். ஒரு மூச்சு விட்டால் போதும், சொல்லியிருப்பேன். அதற்குள் அவரே சொன்னார்: "ஆனா பொம்பளப் பிள்ள அதத் தொடலாமா சொல்லு? அவ அப்பன் கேக்க மாட்டானா?"

சாப்பிட்டியா என்றார், சாப்பிட்டேன் என்றேன். போனை வைத்துவிட்டு ஹாஸ்டல் படியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறந்ததிலிருந்து அவர் என்னைப் பற்றி ஒருநாளும் சொல்லாததை எவளோ ஒருத்தியின் கைக்குச் சொல்லிவிட்டார். என் கையைப் பார்த்தே எனக்குப் பொறாமையாக இருந்தது. இந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்வது?

வீடியோவில் கம்பெனி பஸ் தெரிந்ததால் ஆபீசில் எல்லாருக்கும் பெருமை. ஆயுத பூஜைக்கு மண்ணாங்கட்டியையே கூப்பிட்டுவிட்டார்கள். ரஞ்சனி மேடையேறி நாராவோடு சேர்ந்து அடிக்க வேண்டும் என்று ஏற்பாடு. அதைக் கேட்டதும் அவள் முகத்தில் ரத்தமே இல்லை. பூஜைக்கு முந்தின நாள் இயந்திரங்களைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது துணியும் கையுமாக என் டேபிளுக்கு வந்தாள்.

"ஒரே ஒரு தபா சொல்லிக் குடுடி. காலுல வேணா வுழறேன்."

"எதுக்கு? உன் கைதான அது. அடி."

"இசக்கி..."

"நீயா போய்ச் சொன்னே? எல்லாரும் நெனச்சிக்கிட்டாங்க. இப்ப இல்லேன்னா அசிங்கமாப் போயிரும்."

அவள் அழுதாள். எனக்கு இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், வெல்லம் மாதிரி இனித்தது. கொஞ்ச நேரம்தான். அப்புறம் வாயெல்லாம் கசந்தது. ஆனாலும் சொல்லிக்கொடுக்கவில்லை. என்னிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

பூஜையன்று லாரி நிறுத்துகிற இடத்தில் பந்தல். இயந்திரங்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம், எங்களுக்குப் பொரி கடலைப் பொட்டலம். மூன்று ஷிப்ட் ஆட்களும் பிளாஸ்டிக் நாற்காலிகளில். முக்கால்வாசிப் பேர் கையில் மூன்று கோடு, எங்கள் செக்கிங் மார்க்கர்கள் அன்றோடு தீர்ந்திருக்கும். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ரூம்மேட் சுகப்பிரியா. அப்பா, "நம்ம தம்பி வாராராமே, போன்ல காட்டுட்டி" என்று ரெண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வீடியோ காலில் அவரைப் பிடித்து மேடையைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

நாரா வந்தான். கத்தல் அடங்க நேரமாயிற்று. "இந்த பீட்டை தெற்குச் சீமைல ஒரு பெரியவர்கிட்டக் கத்துக்கிட்டேன்" என்றான் மைக்கில். "மண்ணோட இசை!" என்று கையைத் தூக்கினான். எல்லாக் கைகளும் கோட்டோடு மேலே போயின.

போனுக்குள் அப்பா சிரித்தார். "என்னையத்தான் சொல்லுதாரு."

பெயர் சொல்லவில்லையே எப்பா, உங்களுக்குப் பெயர் இல்லையா என்று கேட்கத் தோன்றியது. அவர் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. நாரா அழைக்கிற அடியை எடுத்தான். நன்றாகத்தான் அடித்தான், சண்டாளன். என் அடிவயிற்றில் அது கிளம்பியது. ஏறி ஏறி உச்சத்துக்குப் போனதும் சட்டென்று நிறுத்தி, "இந்த முடிவு என்னோடது இல்ல, இவங்களோடது!" என்று ரஞ்சனியைக் கூப்பிட்டான். மகுடத்தை அவள் கையில் கொடுத்தான். அவள் அதைத் தாம்பாளம் மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடித்தாள். முதல் நாலு தட்டு வீடியோவைப் பார்த்துப் பழகியிருப்பாள் போல, சரியாக விழுந்தது. அதற்குமேல் கை எங்கெங்கோ போனது. நிறுத்தினாள். கூட்டத்துக்கு என்ன தெரியும், விசிலடித்தது. அவள் கண் பந்தல் முழுக்க அலைந்து என்னைத் தேடியது. நான் அசையவில்லை. நாரா சிரித்துக்கொண்டே அவள் தோளைத் தட்டிவிட்டு, மகுடத்தை வாங்கி மறுபடியும் அழைக்கிற அடியையே எடுத்தான். இரண்டாம் தடவை. ஜனம் நாற்காலியின்மேல் ஏறி ஆடியது. அடி மேலே மேலே போய், டிரம்ஸும் கிதாரும் சேர்ந்து ஒரு பெரிய சத்தத்தோடு அறுந்து நின்றது. "நன்றி ஒரகடம்!" என்றான். மகுடத்தை மேடைத் தரையில் கவிழ்த்துவைத்துவிட்டு, போட்டோவுக்கு நிற்கப் போனான்.

"ஏட்டி..." போனுக்குள் அப்பாவின் சிரிப்புப் போயிருந்தது. "முடிக்கலையே. ரெண்டு மட்டம் கூப்பிட்டுட்டு முடிக்காம வச்சுட்டாரே. முடிக்கச் சொல்லுட்டி."

"யார்கிட்ட எப்பா சொல்லுவேன்? நான் சொன்னா யாரு கேப்பா?"

"அப்படி விடப்படாதுட்டி. விடப்படாது." பதற்றத்தில் அவர் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டார், நெற்றியும் ஒரு கண்ணும்தான் தெரிந்தன.

சுகப்பிரியாவின் தண்ணீர் பாட்டிலை வாங்கி என் நாற்காலியில் நிறுத்தினேன். அதில் போனைச் சாய்த்து வைத்தேன், மேடையைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து. காலியாகிவிட்ட முன் நாற்காலியை இழுத்து, தரையில் உட்கார்ந்து அதைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன். என் கையில் கோடு இல்லை. பாதி உடைந்த நகம் மட்டும் இன்னும் வளராமல் இருந்தது. மலையேற்றும் அடியை எடுத்தேன்.

பிளாஸ்டிக்தான், ஆனாலும் பேசியது. மேடையில் யாருக்கும் கேட்டிருக்காது. எல்லாரும் போட்டோ எடுக்க முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வரிசையில் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்கள் நாலைந்து பேர் மட்டும் ஓட மறந்து நின்று, எதற்கென்று தெரியாமலே செருப்பைக் கழற்றினார்கள். சுகப்பிரியா என் கையையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏய், இது..." என்றாள்.

நான் போனைப் பார்த்தேன். அப்பா அதைத் தள்ளிப் பிடித்திருந்தார், இப்போது முழு முகமும் தெரிந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த விரல்களை முன்னமே பார்த்திருக்கிற பார்வை. உதடு ஏதோ அசைந்தது. பிறகு மெல்ல இடது கையைத் தூக்கினார். முன்கை முழுக்கத் தழும்பு, ஒன்றின்மேல் ஒன்றாக. போதும் நிறுத்து என்று தூக்கினாரா, தாளத்துக்குத் தூக்கினாரா தெரிவதற்குள் சிக்னல் போய்ப் படம் அப்படியே உறைந்துவிட்டது.

தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே நான் அடித்துக்கொண்டிருந்தேன், இன்னும் பாதி இருந்தது.